ஆஸ்துமா மாத்திரை ரத்தக்குழாயைக் கெடுக்குமா?

1/ "மான்டிலூகாஸ்ட் சாப்பிட்டா ரத்தக்குழாய் நோய் வரும்"னு கேள்விப்பட்டு, மாத்திரையோட இன்ஹேலரையும் சேர்த்து நிறுத்திடறவங்க இருக்காங்க. அந்த மாத்திரையை விட இந்தப் பயம்தான் ஆபத்து. ஏன்னு சொல்றேன்.

2/ நோயின் பெயர் சர்க்-ஸ்ட்ராஸ். இப்போ இஜிபிஏ என்கிறோம். ஈசினோபில் என்ற வெள்ளணு பெருகி, சின்ன ரத்தக்குழாய்களைப் புண்ணாக்கும். மிக மிக அரிது. 1951லேயே விவரிக்கப்பட்டது. மான்டிலூகாஸ்ட் வந்ததோ 1998ல!

3/ அப்போ சந்தேகம் எப்படி வந்துச்சு? அதே 1998ல், இதே வகை மருந்தான ஜாஃபிர்லூகாஸ்ட் எடுத்த 8 பேருக்கு இந்த நோய் வந்ததா ஒரு அறிக்கை. எட்டுப் பேருமே ஸ்டீராய்டை நம்பியிருந்த ஆஸ்துமாக்காரங்க. புது மருந்து வந்ததும் ஸ்டீராய்டைக் குறைச்சவங்க. இதைத்தான் யாரும் சொல்றதில்லை.

4/ பொங்குற பாலுக்குத் தெளிக்கிற தண்ணி மாதிரி ஸ்டீராய்டு. தெளிக்கிறதை நிறுத்தினா பால் பொங்கத்தான் செய்யும். பக்கத்துல கிடந்த கரண்டியைத் திட்டி என்ன பிரயோஜனம்? ஸ்டீராய்டு மாத்திரையைக் குறைச்சு வேற மருந்துக்கு மாறினவங்ககிட்டயும் இதே கதை நடந்திருக்கு.

5/ இன்னொண்ணு. இந்த நோயோட முதல் கட்டமே அடங்காத ஆஸ்துமாதான். அடங்கலைன்னுதானே கூடுதல் மாத்திரை எழுதறோம்? பழி அது மேல விழுது.

6/ அதுக்காக மருந்துக்கு முழு விடுதலை தரமாட்டேன். ஸ்டீராய்டைக் குறைக்காத சிலருக்கும் வந்திருக்கு. மருந்துக் குறிப்பில் எச்சரிக்கை இருக்கு, இருக்கணும்.

7/ கோபப்படணும்னா இதுக்குக் கோபப்படுங்க: மன மாற்றம், தற்கொலை எண்ணம் வரலாம்னு 2020ல அமெரிக்க எஃப்டிஏ இந்த மருந்துக்குத் தன் உச்சபட்ச எச்சரிக்கையைப் போட்டது. லேசான அலர்ஜிக்கு எடுத்ததும் இதைத் தராதீங்கன்னும் சொன்னது. இங்கே சாதாரண சளிக்கே, சீட்டு இல்லாம, கடையில அட்டையைக் கிழிச்சுத் தர்றாங்க. இதை ஏன் யாரும் கேட்கறதில்லை?

8/ ஆஸ்துமா உள்ளவங்க கவனிங்க: கை கால் மரத்துப்போறது, பாதம் தொங்குறது, காலில் ஊதா நிறப் புள்ளிகள், இருமலில் ரத்தம், ரத்தப் பரிசோதனையில் எகிறும் ஈசினோபில். ஒண்ணு இருந்தாலும் டாக்டரை உடனே பாருங்க. சீக்கிரம் கண்டுபிடிச்சா வைத்தியம் இருக்கு.

9/ ஸ்டீராய்டையும் இன்ஹேலரையும் நீங்களா நிறுத்தாதீங்க. மூச்சுத்திணறலால் சாகறவங்க அரிது இல்லை.