புதிய குலக்கல்வி!

"அனுபவம் உண்டா?" — வேலை தருவோர் கேட்கும் கேள்வி இது.

"வேலை தந்தாலன்றோ அனுபவம் வரும்?" — வேலை தேடுவோர் கேட்கும் எதிர்க்கேள்வி அது.

"வருக! ஆறு திங்கள் எம்மிடம் உழைத்திடுக! ஊதியம் மட்டும் கேளாதீர். அனுபவமே உமக்கு ஊதியம்!" — நகரமைப்புப் பயிலும் மாணவர்க்கு இந்நாளில் பல அலுவலகங்கள் அளித்திடும் விடை இதுதான்.

கேட்பதற்கு இனிக்கிறது, எண்ணிப் பார்த்தால் எரிகிறது! பயனை எண்ணாது பணிபுரி என்று, உழைப்பவனுக்கு மட்டும் உபதேசம் செய்து பழகிய நாடல்லவா இது! அந்தப் பழைய உபதேசம், காவியைக் களைந்துவிட்டு, கழுத்துப்பட்டை அணிந்து, கணினிமுன் வந்து அமர்ந்திருக்கிறது. அவ்வளவுதான் மாறுதல்!

சென்ற திங்கள் என்னைக் காண வந்தார் ஓர் இளந்தோழர். நகரமைப்புப் பட்டப்படிப்பில் இறுதியாண்டு மாணவர். கூவக்கரையில் பிறந்தவர். குடிசை இடிக்கப்பட்ட நாளன்று, பாய்க்கும் பானைக்கும் நடுவே ஒரு குழந்தையாக லாரியில் ஏற்றப்பட்டு, கண்ணகி நகரிலே கொண்டுபோய் இறக்கப்பட்டவர். தந்தை துப்புரவுப் பணியாளர். தாய் வீட்டு வேலைக்குச் செல்பவர். அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆகவிருப்பவர்.

பட்டம் பெறப் பணிப்பயிற்சி வேண்டும். நாடிச் சென்றார் ஒரு நிறுவனத்தை. பளிங்குத் தரை, குளிரூட்டிய கூடம், சுவரெங்கும் நாளைய நகரத்தின் வண்ணப் படங்கள்! அவரிடம் கூறப்பட்டது யாது? "மடிக்கணினி நீரே கொண்டுவர வேண்டும். உதவித்தொகை கிடையாது. முடிவில் சான்றிதழ் தருவோம்."

மூன்று வாரம் சென்றார். கடன் வாங்கிய கணினி, கைக்காசில் பேருந்துக் கட்டணம், காய்ந்த வயிறு. நான்காம் வாரம் நின்றுவிட்டார். வீடு வீடாக உணவுப் பொட்டலம் கொண்டு சேர்க்கும் வேலைக்குப் போனார். அங்கே அன்றைய உழைப்புக்கு அன்றே ஏதேனும் கிடைத்தது.

அவர் விட்டுவந்த நாற்காலி வெறுமையாகவா இருந்தது? இல்லை. மறுநாளே நிரம்பிற்று. வந்து அமர்ந்தவரின் தந்தைக்குச் சொந்தமாகக் கட்டுமான நிறுவனம்! அந்த இளைஞர்மீது நமக்குச் சினமில்லை, தோழர்களே! அவர் திறமைசாலியாகவே இருக்கலாம். ஆயின், அந்த நாற்காலி எதனைக் கேட்டது? திறமையையா? அன்று! ஆறு திங்கள் கூலியில்லாமல் உண்டு உடுத்து வாழவல்ல வசதியைக் கேட்டது. வசதி யாரிடம் இருந்ததோ அவரிடம் அனுபவம் போய்ச் சேர்ந்தது.

இக்காட்சியை நாம் முன்னரே கண்டதில்லையா?

1953ஆம் ஆண்டு! ஆச்சாரியார் ஒரு கல்வித் திட்டம் கொணர்ந்தார். பள்ளியிலே மூன்று மணி நேரம். எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலைப் பிள்ளைகள் பழகவேண்டும் என்றார். அதுவும் 'தொழில் அனுபவம்' என்ற தேன் தடவித்தான் தரப்பட்டது! தச்சன் மகனுக்கு உளி, வண்ணான் மகனுக்கு வெள்ளாவி, வழக்கறிஞர் மகனுக்குச் சட்டப்புத்தகம். குலக்கல்வி என்று அதற்குச் சரியான பெயர் சூட்டியது தமிழகம். கொதித்து எழுந்தது. 1954இல் ஆச்சாரியார் பதவி துறந்தார், காமராசர் முதலமைச்சரானார், திட்டம் குழிக்குள் போயிற்று.

புதைத்தோம் என்று இறுமாந்திருந்தோம். இதோ, அது முளைத்து நிற்கிறது! அன்று ஆணை போட்டுச் சொன்னார்கள். இன்று ஆணையே தேவையில்லை. கூலி இல்லை என்று ஒரு சொல் போதும். துப்புரவுப் பணியாளர் மகன் தானாகவே வெளியேறுவான், கட்டட முதலாளியின் மகன் தானாகவே உள்ளே நுழைவான். அவரவர் அப்பன் தொழில் அவரவர்க்கு! இது புதிய குலக்கல்வி அன்றி வேறென்ன?

"ஊதியமில்லாப் பயிற்சி எத்தனையோ துறையில் உண்டு, நகரமைப்புக்கு மட்டும் ஏன் இத்தனை ஆத்திரம்?" என்று கேட்பர் சிலர்.

சொல்லுகிறேன். நகரமைப்பாளன் கையிலிருப்பது வெறும் எழுதுகோல் அன்று. எங்கே வீடு, எங்கே ஆலை, எத்தெரு எவ்வளவு அகலம், எவ்வழியே பேருந்து, எந்த ஏரி ஏரியாகவே இருக்கவேண்டும், குப்பைமேடு எங்கே — இவ்வளவையும் வரைவது அந்தக் கோல். குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் எவன் வாழவேண்டும் என்பதையும் அதே கோல்தான் எழுதுகிறது!

எழுதிய வரலாற்றைப் புரட்டுங்கள். கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் கோட்டை நகருக்கு அமைப்புமுறை வகுக்கிறது. ஒவ்வொரு வருணத்துக்கும் ஒவ்வொரு திசை ஒதுக்குகிறது. சண்டாளருக்கோ சுடுகாட்டின் ஓரம்! மனுவின் நூலோ ஊருக்கு வெளியே போ என்கிறது. பிறகு வந்த வெள்ளையன், சென்னையிலே கோட்டைச் சுவருக்குள் தனக்கொரு வெள்ளையர் பட்டணம் வைத்துக்கொண்டு, வெளியே நம்மவர்க்கு ஒரு கறுப்பர் பட்டணம் வைத்தான். நூலோர் வருணம் பார்த்தனர். வெள்ளையன் நிறம் பார்த்தான். கோடு போட்டவன் கோட்டுக்குள்ளே. கோடு அறியாதவன் வெளியே!

நம் ஆட்சி வந்தபின்? 1970இல் குடிசை மாற்று வாரியம் கண்டோம். குடிசை இருந்த இடத்திலேயே அடுக்கு வீடு என்பது அன்றைய பெருநோக்கு. பெருமை கொள்வோம். ஆயின் உண்மையையும் ஒளிக்காது உரைப்போம். 2000ஆம் ஆண்டையொட்டி, நகரின் தென்கோடியில், சதுப்பு நிலத்தின் அருகே கண்ணகி நகர் எழுந்தது. 15,000க்கு மேற்பட்ட வீடுகள்! அதையடுத்துப் பெரும்பாக்கம். ஆற்றங்கரையில் இருந்தோரை அள்ளிக்கொண்டுபோய் அங்கே கொட்டினர். கூரை கிடைத்தது, வேலை தொலைந்தது. கதவு கிடைத்தது, பிள்ளையின் பள்ளி தொலைந்தது. விடியுமுன் பாத்திரம் துலக்கப் போகவேண்டிய தாய்க்கு, முதல் பேருந்து எப்போது என்பதே வாழ்க்கைச் சிக்கலாயிற்று.

அந்த வரைபடத்தை வரைந்தோர் கொடியவர் அல்லர், அறியாதவர். விடியுமுன் பேருந்துக்கு நின்ற அனுபவம் அவர்க்கில்லை. அந்த அனுபவம் உடையவன், கூலியில்லாமல் உழைக்க இயலாமல், வாசலிலேயே நின்றுவிட்டான்! அவனுக்கா அனுபவம் இல்லை? அலுவலகம் ஆறு திங்களில் கற்றுத்தர முடியாததை, அவன் பிறந்த நாள் முதல் கற்றிருக்கிறானே!

உண்மையான நகரமைப்பு அனுபவம் யாது என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. ஸ்காட்லாந்து நாட்டு உயிரியல் அறிஞர் பேட்ரிக் கெடிஸ், 1914இன் இறுதியில் இந்தியா வந்தார். அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை, சென்னைமீது குண்டு பொழிந்த அதே எம்டன் கடலுக்குள் அனுப்பிவிட்டது! கலங்கினாரில்லை. மீண்டும் திரட்டி, 1915இல் சென்னையிலே கண்காட்சி நடத்தினார். பின்னர் சென்னை மாகாண நகரங்களுக்குச் சென்றார். தெருத்தெருவாக நடந்தார். நோயறிந்த பின்னரே மருந்து. ஊரை அளந்தறிந்த பின்னரே திட்டம் என்பது அவர் நெறி. இடித்துத் தரைமட்டமாக்குவதை வெறுத்தார். இன்றியமையாத அளவு மட்டுமே அகற்றி, எஞ்சியதைக் காத்திடும் அறுவை மருத்துவமே நகருக்கு நல்லது என்றார். அவர்க்கு ஆய்வுக்கூடம் தெரு, கருவி கால்!

இன்று மாணவனுக்குத் தரப்படும் 'அனுபவம்' எத்தகையது? எவரோ வரைந்த கோட்டின்மேல் கோடு போடுவது, வண்ணம் தீட்டுவது, அறிக்கைக்கு அட்டை அமைப்பது! சில இடங்களில், மனைப் பிரிவுக்கு ஈசானிய மூலை எது, அக்கினி மூலை எது என்று வாஸ்து பார்த்துத் திருத்தும் திருப்பணி வேறு! மழைநீர் எந்த மூலை நோக்கி ஓடும் என்று பாராமல், அதிர்ஷ்டம் எந்த மூலையிலிருந்து வரும் என்று பார்த்தவரின் வீட்டுக்குள்ளும் 2015 டிசம்பரில் வெள்ளம் புகுந்ததே! வெள்ளம் வாஸ்து படிக்கவில்லை. மேடு பள்ளம் மட்டுமே படித்திருந்தது.

"ஆள் மிகுதி, எல்லோர்க்கும் ஊதியம் தர இயலுமா?" என்று அடுத்த அம்பு எய்வர். ஆள் மிகுதியா? நிதி ஆயோக் 2021 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். நாட்டிலுள்ள 7,933 நகர்ப்புறங்களில் ஏறத்தாழ 65 விழுக்காட்டுக்கு முழுமைத் திட்டமே இல்லை! 12,000க்கு மேற்பட்ட நகரமைப்பாளர் பணியிடங்கள் மாநிலங்களில் தேவை. அனுமதிக்கப்பட்டவையோ 4,000க்கும் குறைவு. அவற்றிலும் 42 விழுக்காடு காலி! நாற்காலி காலியாய்க் கிடக்கிறது; நகரம் திட்டமின்றித் திணறுகிறது; படித்த பிள்ளை பொட்டலம் சுமக்கிறான்!

"மாணவன் ஒன்றும் அறியான், அவனுக்குக் கற்பிப்பதே எமக்குச் செலவு" என்பது மூன்றாம் அம்பு. ஒன்றும் அறியானெனில், அவன் வரைந்த படத்தை ஏன் வாடிக்கையாளர்க்கு விற்கிறீர்? விற்ற பணத்தில் அவனுக்குப் பங்கு ஏன் இல்லை? ஆலையிலே சுத்தியல் பிடிக்கப் பழகுவோனுக்கும் உதவித்தொகை தரவேண்டும் என்று 1961ஆம் ஆண்டின் தொழிற்பயிலுநர் சட்டம் சொல்லிற்று. அந்த அறம் வரைபலகைக்குமுன் வந்ததும் மாண்டுவிடுமா? அமெரிக்க வெள்ளை மாளிகையே, தன் பயிற்சியாளர்க்கு ஊதியமளிக்க 2022இல் முன்வந்தது. வசதியற்றோர் பிள்ளைகள் உள்ளே நுழைய வேறு வழியில்லை என்பதை அங்கேயும் உணர்ந்தனர்.

எனவே, தோழர்களே, நாம் கேட்பது பிச்சை அன்று, நீதி! நகர் ஊரமைப்பு இயக்ககம் முதல் பேரூராட்சி வரை, ஒவ்வோர் அலுவலகமும் ஆண்டுதோறும் மாணவரை ஏற்கட்டும். ஊதியம் தந்து ஏற்கட்டும். தெரிந்தெடுக்கும் முறையை, பெயர்ப் பட்டியலோடு வெளிப்படையாக அறிவிக்கட்டும். கூலியில்லாமல் மாணவரை வேலை வாங்கும் தனியார் நிறுவனத்துக்கு அரசின் திட்டப்பணி எதுவும் இல்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதட்டும். பயிற்சிக் காலத்தின் பாதி, தெருவிலே கழியட்டும்: குழாயடியில், பேருந்து நிறுத்தத்தில், கழிவுநீர் தேங்கும் சந்தில், இடம்பெயர்ந்தோர் குடியிருப்பில்!

நகரமைப்புப் பயிலும் இளைஞர்காள்! கூலி கேட்க நாணாதீர். கேட்பது குற்றமன்று, கேளாதிருப்பதே உமக்குப் பின்னால் வருவோர்க்குச் செய்யும் கேடு. உம்மால் கூலியின்றி உழைக்க இயலுமாயினும், இயலாதவனை எண்ணி மறுத்திடுக. இருக்கின்ற நாளில், உம் தெருவையே அளந்திடுக: எத்தனை குழாய், எத்தனை விளக்கு, எங்கே தண்ணீர் தேங்குகிறது, முதல் பேருந்து எத்தனை மணிக்கு. குறித்துவைத்த அந்த ஏடு, எந்த முதலாளியின் சான்றிதழுக்கும் இளைத்ததன்று.

என்னைக் காண வந்த தோழர் புறப்படும்போது கேட்டேன்: "தம்பி, இனி என்ன செய்யப் போகிறாய்?"

"படிப்பை முடிப்பேன், அண்ணா. கண்ணகி நகர் வரைபடத்தை ஒருநாள் நானே திருத்துவேன்" என்றார்.

திருத்துவார். அந்த எழுதுகோல் அவர் கைக்குப் போய்ச் சேரும் வரை, அனுபவமே ஊதியம் என்ற அந்தப் பசப்பு மொழியை, 1954இல் குலக்கல்வியை அனுப்பிய அதே இடத்துக்கு அனுப்பிவைப்பது நம் கடமை!