எண்ணிப் பார்க்க முடியாத ஓட்டு நமக்கெதுக்கு?



கொள்முதல் நிலையத்தில் நம்ம நெல் மூட்டையை எடை போடும்போது, தராசைப் பார்க்காம திரும்பி நிப்போமா? நெல்லுக்கு இருக்கிற கவனம் ஓட்டுக்கும் வேணும்.

2021 அக்டோபரில் நம்ம காஞ்சிபுரம் மாவட்ட ஊராட்சித் தேர்தலில் சீட்டில் முத்திரை குத்தினோம். சட்டமன்றத்துக்கும் பாராளுமன்றத்துக்கும் இயந்திரம். பட்டனை அழுத்தினா 7 விநாடி சீட்டு தெரியுது, பெட்டியில் விழுது. ஆனா தொகுதிக்கு 5 பூத் சீட்டைத்தான் எண்ணுறாங்க. எல்லாத்தையும் எண்ணச் சொன்ன வழக்கை 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இயந்திரத்துக்கு இன்டர்நெட் தொடர்பே கிடையாது என்கிறது தேர்தல் ஆணையம். இருக்கட்டும். தப்பு நடக்க திருடன்தான் வரணுமா?

அரியானா மாநிலம் புவானா லாக்கு கிராமத்தில் 2022 நவம்பரில் ஊராட்சித் தலைவர் தேர்தல். ஒரு பூத் கணக்கில் நடந்த குளறுபடியால், தோற்றவர் ஜெயித்ததாக ஆகிப்போச்சு. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே இயந்திரங்களை வரவழைத்து மறுபடி எண்ணியது. 51 ஓட்டில் முடிவு மாறியது! மறுபடி எண்ண முடிஞ்சதால்தான் நியாயம் கிடைச்சது. அதுக்கே மூணு வருஷம் ஆச்சு.

இப்போ செல்போன் ஓட்டு வந்திருக்கு. 2025 ஜூனில் பீகார் நகராட்சித் தேர்தலில் முதியோர், கர்ப்பிணிகள், வெளியூர் போனவங்க வசதிக்குன்னு கொண்டு வந்தாங்க. போன் உங்க முகத்தைச் சரிபார்க்கும். பக்கத்தில் நிக்கிறவனைப் பார்க்குமா? நிலம் எடுக்கும்போது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கையெழுத்து வாங்கின புரோக்கரை மறந்துட்டோமா? ஒரகடத்தில் ஒரே ரூமில் பத்துப் பேரா தங்கியிருக்கிற நம்ம பிள்ளைங்க, கான்ட்ராக்டர் எதிரில் எப்படி ஓட்டுப் போடுவாங்க? பூத்தில் அந்த மறைப்பு அட்டைக்குப் பின்னால்தான் ஏழைக்குப் பயமில்லை.

ஜெர்மனி அரசியல் சாசன நீதிமன்றம் 2009-இல் சொன்னது இதுதான்: நிபுணர் துணை இல்லாம சாதாரண ஜனங்களே சரிபார்க்கிற மாதிரி தேர்தல் இருக்கணும். நாம கேட்பதும் அதுவே.

எல்லா பூத் சீட்டையும் எண்ணு! தமிழ்நாட்டில் செல்போன் ஓட்டைக் கொண்டு வராதே!

அதுவரை நாம சும்மா இருக்க வேண்டாம். நம்ம ஆளுங்க எந்தக் கட்சி ஏஜெண்டா உட்கார்ந்தாலும், காலையில் மாதிரி ஓட்டு 50 போட்டுச் சரிபார்க்கும்போது கிட்ட நில்லுங்க. சாயங்காலம் 17-சி படிவ நகலை வாங்காம எழுந்திருக்காதீங்க. எண்ணும் நாளில் ஒவ்வொரு பூத் கணக்கையும் கையால் எழுதிக்குங்க.

பார்த்து எண்ணின நெல்லே நம்ம நெல்லு! பார்த்து எண்ணின ஓட்டே நம்ம ஓட்டு!

இப்படிக்கு,
சங்கச் செயலாளர்