வழிகாட்டி காட்டாத காலி

காலிக்கோட்டைக்கு வரும் உல்லாசப் பயணிகளுட் பலர் அதனை வழிகாட்டியொருவரின் பின்னே நடந்தே பார்க்கின்றனர். இரண்டு மணித்தியாலத்தில் நடை முடிந்துவிடுகின்றது. பழைய வாயிலின் உட்புறத்தே 1669 என்ற ஆண்டுடன் காணப்படும் ஒல்லாந்தக் கம்பனியின் சின்னம், 1755இல் எழுந்த தேவாலயம், அதன் தளத்திலே பரவிக் கிடக்கும் கல்லறைக் கற்கள், கடல்நீராற் கழுவப்படுமாறு அமைந்த நிலத்தடி வடிகால்கள், வெளிச்சவீடு என யாவும் வரிசையாக வந்து போகின்றன. நடந்து காண்பதிலே குற்றமில்லை. வாகனத்திற் செல்பவன் மதிலை மட்டுமே காண்பான். நடந்து செல்பவனே மதிலின் கல்லைக் காண்பான். ஆயின், அக்கல்லைச் சுமந்தவர் யாவர் என்ற வினா இந்நடையிலே பெரும்பாலும் எழுவதில்லை.

ஒல்லாந்தர் 1640இல் போர்த்துக்கேயரிடமிருந்து காலியைக் கைப்பற்றினர் என்றும், 1663 முதல் இம்மதில்களைக் கட்டினர் என்றும் வழிகாட்டி கூறுவார். ஆண்டுகளிற் பிழையில்லை. பிழை 'கட்டினர்' என்ற வினைமுற்றிலே உள்ளது. தமிழ் இலக்கணம் தன்வினையையும் பிறவினையையும் தெளிவாக வேறுபடுத்துவது. கட்டியவர் வேறு, கட்டுவித்தவர் வேறு. கம்பனியின் கோட்டைகளிலே அடிமைகளும் இராசகாரியத்துக்குக் கட்டுண்ட குடிகளும் உழைத்தனர். 1659 தொடக்கம் 1661 வரை தஞ்சை நாட்டை வாட்டிய பஞ்சத்தில் தம்மையும் தம் மக்களையும் விற்றவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து கம்பனிக் கப்பல்களில் ஏற்றப்பட்டனர். அக்கப்பல்கள் சென்றடைந்த இடங்களுள் இலங்கையும் ஒன்று. தேவாலயத் தளத்திலே கம்பனி அதிகாரிகளின் பெயர்கள் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. அவை உரக்க வாசிக்கப்படுகின்றன. இவர்களுக்குக் கல்லுமில்லை, சொல்லுமில்லை.

கறுவாவைப் பற்றிய பேச்சும் இத்தகையதே. இன்று கடல்சார் நூதனசாலை அமைந்துள்ள பெரும் பண்டகசாலையின் முன்னின்று வாசனைத் திரவிய வணிகத்தின் பெருமை பேசப்படுகின்றது. கறுவா உரிக்கும் கடமை சாலியர் மீது சுமத்தப்பட்டிருந்ததும், களவாகக் கறுவா வெட்டியோருக்கும் விற்றோருக்கும் கம்பனி மரண தண்டனை விதித்திருந்ததும் அப்பெருமையின் மறுபக்கம். இரண்டு மணித்தியாலத்தில் எல்லாவற்றையும் எவ்வாறு கூறுவது என்று சிலர் கேட்பர். மகள் பிறந்த மகிழ்ச்சியில் ஒல்லாந்தத் தளபதியொருவர் தேவாலயத்தைக் கட்டினார் என்ற கதைக்கு நேரம் கிடைக்கின்றது. மீரான் பள்ளிவாசலின் தோற்றம் தேவாலயத்தை ஒத்தது என்று வியப்பதற்கும் கிடைக்கின்றது. அங்கே தொழுவோர் எக்காலந்தொட்டு இவ்வூரவர் என்று கேட்பதற்கு மட்டும் கிடைப்பதில்லை.

காலி மதிலோடு பிறந்த நகரமன்று. மதில் எழுவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1344இல், இபுன் பதூதா இத்துறையைக் கண்டு சென்றார். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் கல்வெட்டு 1409ஆம் ஆண்டைக் குறிப்பது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் அமைந்த அக்கல்லின் சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெவிநுவரையிற் கோயில் கொண்டிருந்த தெனாவரை நாயினாரையும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தையும் போற்றுகின்றன. அதனை நல்லிணக்கத்தின் சின்னமென்று பூசிக்க வேண்டியதில்லை. அதே செங் ஹோதான் 1411இல் இந்நாட்டு ஆட்சியாளனொருவனைச் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டு சென்றார். எனினும், தூரதேசத்தார் ஒருவர் இத்தீவிலே நாட்டும் கல்லுக்குத் தமிழையும் பாரசீகத்தையும் தெரிந்தெடுத்தமை இக்கடற்கரையில் எம்மொழிகள் வழங்கின என்பதற்குச் சான்று. 1911இல் அக்கல் காலியிலேயே மதகொன்றின் மூடுகல்லாகக் கிடக்கக் கண்டெடுக்கப்பட்டது. இன்று கொழும்பு நூதனசாலையில் உள்ளது.

வழிகாட்டியைக் குறைகூறுவது எளிது; நியாயமன்று. அவர் பயணி விரும்புவதைக் கூறிப் பிழைப்பவர். 1988இல் யுனெஸ்கோ இக்கோட்டையை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்த பின்னர், குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள் பல விடுதிகளாயின. விடுதிக்கு வேண்டியது அழகிய பழைமை. அடிமையின் கதை அங்கே விலைபோகாது. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு அத்தகைய நிர்ப்பந்தம் எதுவுமில்லை. காலியைப் பற்றிய ஆய்வுகள் ஆங்கிலத்திற் குவிந்து கிடக்க, கையிலெடுத்துக்கொண்டு நடக்கத்தக்க சிறு நூலொன்றைச் சிங்களத்திலோ தமிழிலோ எழுதுவதை ஆய்வாளர் தமக்கு இழுக்கென்று கருதுகின்றனர். பதவி உயர்வுக்கு அது உதவாது என்பது உண்மையே. அவர்கள் எழுதாத பக்கத்தைத்தான் விடுதிகளின் விளம்பரத் தாள்கள் நிரப்புகின்றன.

கல்விச் சுற்றுலா என்ற பெயரில் மாணவரும் காலிக்குச் செல்கின்றனர். அதே வாயில், அதே தேவாலயம், அதே கதை. குறிப்பேட்டிலே 1640, 1663, 1755 என்ற ஆண்டுகள் ஏறுகின்றன. வெளிச்சவீட்டின் முன் புகைப்படம் எடுக்கப்படுகின்றது. மாலையிற் பேருந்து கொழும்பு வழியாகத் திரும்புகின்றது. நூதனசாலை மூடும் நேரத்துக்கு முன் அங்கு சென்றடைய வேண்டுமென்று எவரும் அவசரப்படுவதில்லை.