மும்முனை மின்சாரம் வந்ததும் எல்லா மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பலாமா?

செல்போனில் இயக்கும் பம்புசெட் கருவிகளை வேளாண் பொறியியல் துறை மானியத்தில் வழங்குகிறது. ஆட்டோ ஸ்டார்ட்டரும் பரவலாகிவிட்டது. இரவில் கிணற்றடிக்கு நடக்கும் சிரமம் குறைந்தது நல்லதே. ஆனால், மின்சாரம் வந்த நொடியில் ஒரே டிரான்ஸ்பார்மரின் மோட்டார்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்புவது புதிய தலைவலி.

கணக்கைப் பாருங்கள். 5 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது சுமார் 7.5 ஆம்பியர் இழுக்கும். நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும்போது சில நொடிகளுக்கு 6 மடங்கு வரை இழுக்கும். 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் தாங்குவது சுமார் 84 ஆம்பியர். 10 மோட்டார்கள் ஓடுவதற்கு 75 ஆம்பியர் போதும். ஒன்றாகக் கிளம்பினால் 450 வரை கேட்கும். மின்னழுத்தம் சரியும், மோட்டார் திணறும், காயில் சூடாகும். டிரான்ஸ்பார்மர் பழுதானால், மாற்றும்வரை அத்தனை பேர் பயிரும் காயும்.

இதைத் தடுக்க மேலிருந்து யாரும் கட்டுப்படுத்த வேண்டியதில்லை. ஒவ்வொரு ஸ்டார்ட்டரும் தன் முறைக்குக் காத்திருந்தால் போதும். மின்சாரம் வரும் நொடிதான் எல்லோருக்கும் பொதுவான மணி. பல ஆட்டோ ஸ்டார்ட்டர்களில் தாமத டைமர் உண்டு. முதல் மோட்டாருக்கு 30 நொடி, அடுத்ததற்கு 60, அதற்கடுத்ததற்கு 90 என எலக்ட்ரீஷியனைக் கொண்டு அமையுங்கள். 5 நிமிடத்தில் பத்தும் ஓடும்.

நீங்கள் ஒருவர் மட்டும் மாற்றினால் பலன் குறைவு. டிரான்ஸ்பார்மர்வாரியாகக் கூடிப் பேசி, வரிசையை எழுதி வையுங்கள். புதிய இணைப்பு வந்தால் வரிசையில் சேருங்கள். அனுமதித்ததைவிடக் கூடுதல் குதிரைத்திறன் மோட்டாரை யாராவது மாட்டினால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். மானியக் கருவிகளில் தாமத டைமரைக் கட்டாயமாக்குவதும் அவசியம்.