காத்திருக்கும் காலமும் கற்கும் காலமே

உயர்தரப் பரீட்சை எழுதிய மாணவன் பல்கலைக்கழக வாயிலை மிதிப்பதற்குள் ஓராண்டுக்கு மேலாகக் காத்திருப்பது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. பெருந்தொற்று இதனை மேலும் நீட்டிற்று. 2021ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2022 பெப்ரவரியிலேதான் தொடங்கியது. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு இஃது ஓய்வாகலாம். சிலாபத்திலே கடலையும் தென்னையையும் நம்பி வாழும் குடும்பத்திற்கோ, மூத்தவன் உழைக்கத் தொடங்குவது ஓராண்டு பிந்தினால், இளையவர் படிப்பும் தளரும்.

அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகம் 1955 முதல், மாணவர் தம் பள்ளியில் இருந்தவாறே பல்கலைக்கழகப் பாடங்களைக் கற்று, அவற்றைப் பின்னர்ப் பட்டத்திற்குக் கணக்கிட வழிசெய்துள்ளது. அதனை அப்படியே இங்கும் நடத்துக என நாம் கூறோம். உயர்தரப் பாடச்சுமையே நம் பிள்ளைகளுக்குப் போதும். பரீட்சைக்குப் பிந்திய வெறுங்காலத்தைப் பயன்படுத்துக என்றே கூறுகிறோம்.

அதற்குரிய அளவுகோல் நம்மிடமே உண்டு. 2012இல் வந்த இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி, 50 மணிநேரக் கற்றல் ஒரு 'கிரெடிட்'. 30 கிரெடிட் ஓராண்டுப் படிப்பு. பொதுப்பட்டத்திற்கு 90, சிறப்புப்பட்டத்திற்கு 120. அளவு ஒன்றாயிருக்க, ஓரிடத்தில் முறையாகப் பெற்றதை மற்றோரிடம் மறுப்பது ஏன்? 1980இல் தோன்றிய திறந்த பல்கலைக்கழகத்தில் ஒருவன் 15 கிரெடிட் பெற்றிருந்து, அவனைச் சேர்க்கும் பல்கலைக்கழகம் அதனை ஏற்குமாயின், அரையாண்டு மிஞ்சும்.

விரைந்து பெற்ற பட்டம் தரங்குன்றும் என்பார் உளர். இங்கே குறைவது கற்கும் மணியன்று. வீணே கழியும் நாளே. சுவாமி விபுலாநந்தர் ஆசிரியப்பணி புரிந்தவாறே தாமாகக் கற்று, 1920இல் லண்டன் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். அப்பட்டத்தின் மதிப்பைக் குறைத்துக் கூறியவர் யார்?

ஆகவே, எப்பாடங்களை ஏற்போம் என்பதைப் பல்கலைக்கழகங்கள் முன்கூட்டியே வெளியிடல் வேண்டும். மாணவரும் பணம் செலுத்துமுன், அப்பாடம் தாம் நாடும் பட்டத்திற்குக் கணக்கிடப்படுமா என எழுத்தில் கேட்டறிதல் வேண்டும். வாய்ச்சொல்லை நம்பிச் சேர்ந்தவர் பின்னர் வருந்துவர். பழைய மாணவராகிய நமக்கும் இதிற் கடமை உண்டு. விழாவிற்குத் திரட்டும் நிதியில் ஒரு பங்கை, ஆண்டுதோறும் சில வறிய மாணவரின் பாடக் கட்டணத்திற்கென ஒதுக்குவோமாக. அவர்கள் முந்திப் பெறும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு குடும்பத்திற்கு நாம் அளிக்கும் நன்கொடையாகும்.