டூப்ளிகேட் கம்பளமாம்!

நொய்டாவில் எங்கள் மாடிக்கு மேல்மாடி நண்பர் வீட்டு ஹாலில் ஒரு கம்பளிக் கம்பளம். சிவப்பும் கறுப்புமாக டைமண்ட் கட்டங்கள். அமெரிக்காவில் ஸான்டா ஃபே கடையொன்றில், நவஹோ பழங்குடிகள் நெய்தது என்று சொல்லி விற்றார்களாம். போன வாரம் வந்த ஒரு மேதாவி ஓரத்துக் குஞ்சத்தைப் பார்த்துவிட்டு, "இது மெக்சிகோ டூப்ளிகேட் சார்!" என்றார். நண்பர் முகம் சுருங்கிப் போச்சு. எனக்கோ செம கடுப்பு.

குஞ்சம் விஷயம் பெரும்பாலும் சரிதான். நவஹோ பெண்கள் செங்குத்தான தறியில் பாவு நூலை அறுக்காமல் மேலும் கீழும் சுற்றி நெய்வார்கள். முனையில் நூல் தொங்காது. மெக்சிகோவில் ஒஹாகா பக்கம் தெயோதித்லான் தெல் வாயே என்ற ஊரில் சபோதெக் மக்கள் காலால் மிதிக்கும் தறியில் நெய்கிறார்கள். பாவை அறுத்துத்தான் இறக்கணும். குஞ்சம் வராமல் என்ன செய்யும்?

சரி, நவஹோ டிசைன் அங்கே எப்படிப் போச்சு? 1970, 80களில் அமெரிக்க வியாபாரிகளே படத்தை நீட்டி, "இதே மாதிரி நெய்து கொடு" என்றார்கள். கூலி கம்மி, லாபம் ஜாஸ்தி. இதில் இன்னொரு கூத்து: 19ஆம் நூற்றாண்டில் நவஹோ நெசவுக்குள் அந்த டைமண்டும் வளைநெளிவும் வந்ததே மெக்சிகோவின் சால்தியோ போர்வைகளைப் பார்த்துத்தான். பிறகு 1911இல் நியூ மெக்சிகோ வியாபாரி ஜே.பி. மூர் போட்ட கேட்லாக்கில் கீழைநாட்டுக் கம்பளச் சாயல் வேறு. இப்போ சொல்லுங்க, யார் யாரைக் காப்பி அடிச்சாங்க?

நவஹோ பெண்களின் வயிற்றெரிச்சல் நியாயமானது. மாதக்கணக்கில் உட்கார்ந்து நெய்ததற்குப் பக்கத்திலேயே, அதே பெயரில், பாதி விலைக்கு இன்னொன்று கிடந்தால் யாருக்குத்தான் எரியாது? அதற்குத்தான் 1990இல் அமெரிக்காவில் சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தில் குற்றம் எது? பழங்குடியினர் செய்ததென்று பொய் சொல்லி விற்பது. நெய்வது இல்லை.

என் தாத்தா ஆரணியில் குழித்தறியில் உட்கார்ந்தவர். அவர் சேலையைக் காஞ்சிபுரம் என்று விற்றவர் கடைக்காரர். பொய் சொன்னது தாத்தாவா? ஆனால் 'டூப்ளிகேட்' பட்டம் மட்டும் சேலைக்கு வந்து சேரும். சபோதெக்காரருக்கும் அதே கதிதான். கடைக்காரர் அவர் பெயரை மறைத்தார், மேதாவி அவர் வேலையையே போலி என்கிறார்.

நண்பரிடம் இவ்வளவும் சொன்னேன். "அப்ப நான் ஏமாந்தேனா, இல்லையா?" என்றார். விலையில் ஏமாந்திருக்கலாம் சார், கையால் நெய்த கம்பளிதானே என்றேன். கேட்கவில்லை. சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். பூச்சி அரிக்கப் போகுது.