ஏர் எடுக்க ஓர் ஆள் போதுமா?

பெரும்பாலான கார்களின் கையேட்டில் பிரேக் ஆயிலுக்கு இரண்டு ஆண்டு என்றோ அதை ஒட்டியோ ஒரு கெடு இருக்கிறது. நம் பட்டறைகளில் அந்தக் கெடுவுக்கு மதிப்பில்லை. பேட் தேய்ந்து வந்தால், வீல் சிலிண்டர் ஒழுகினால், மாஸ்டர் சிலிண்டர் போனால், அப்போதுதான் பிரேக் ஆயில் பக்கம் கவனம் திரும்புகிறது. என்ஜின் ஆயிலைக் கிலோமீட்டர் கணக்கு வைத்துக் கேட்கும் வாடிக்கையாளர் பிரேக் ஆயிலைக் கேட்பதில்லை. நாமும் எடுத்துச் சொல்வதில்லை. சொல்லாததற்குக் காரணம் அறியாமை அல்ல. நான்கு சக்கரத்திலும் பழைய ஆயிலை வெளியேற்றிப் புதிது ஏற்ற இரண்டு பேர் வேண்டும். சிறு பட்டறைகளில் இன்று அந்த இரண்டாவது ஆள் இல்லை. தொழில் பழக வரும் பையன்கள் குறைந்துவிட்டார்கள். இருக்கிற ஒருவரும் ஸ்பேர் வாங்கக் கடைக்குப் போயிருப்பார்.

ஆகவே, ஓர் ஆளே ஏர் எடுக்க உதவும் ப்ளீடர் நிப்பிள்களை நான் மனதார வரவேற்கிறேன். ஸ்பீட் ப்ளீடர் என்ற விற்பனைப் பெயரால் பலருக்கும் தெரிந்த சாமான்தான். ஆனால் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் காலிப்பரில் போட்டு மிதித்தால், ஏர் எடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே ஏர் ஏற்றிக்கொண்டிருப்போம்.

ஆயில் மாற்றுவது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகை. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் குணம் அவற்றுக்கு உண்டு. ரிசர்வாயர் மூடியின் மூச்சுத் துளை வழியாகவும், ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவுமே ஈரம் உள்ளே போய்விடும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் நிற்க வேண்டும் என்பது தரவிதி. அதில் 3.7 சதவீதம் நீர் கலந்த பிறகு அந்தக் குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205, நீர் கலந்த பின் 140. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்குகிற வண்டியின் காலிப்பருக்கு இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரை வரை போகும். அடிவாரத்தில் வண்டியை ஆற விட்டால் பெடல் மறுபடியும் கெட்டியாகிவிடும். அந்த வண்டி நம்மிடம் வரும்போது பழுது எதுவும் கண்ணில் படாது.

இனி நிப்பிளுக்கு வருவோம். இரண்டு பேர் செய்யும் முறையில் உள்ளே இருப்பவர் மிதித்துப் பிடிக்கிறார், கீழே இருப்பவர் திறக்கிறார், மூடிவிட்டுக் குரல் கொடுத்த பிறகுதான் கால் எடுக்க வேண்டும். குரலுக்கு முன்னால் கால் எழுந்தால், மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் பின்வாங்கும் வேகத்தில் திறந்த நிப்பிள் வழியாகக் காற்றை இழுக்கும். அரை நொடி போதும், அதுவரை செய்த வேலை வீண். ஓராள் நிப்பிளின் நடுத்துளைக்குள் ஒரு சிறு குண்டும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. மிதித்தால் அழுத்தத்தில் குண்டு விலகி ஆயில் வெளியே வரும். காலை எடுத்தால் ஸ்பிரிங் குண்டைத் தள்ளித் துளையை அடைத்துவிடும். பிஸ்டனுக்கு வேண்டிய ஆயில் மேலே ரிசர்வாயரிலிருந்துதான் வந்தாக வேண்டும். அதாவது கீழே இருப்பவரின் கை செய்ததை அந்தக் குண்டு செய்கிறது.

பலரும் இதோடு புரிந்துகொண்டதாக நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். காற்று உள்ளே போக நடுத்துளை ஒன்றுதானா வழி? நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்தியதும் அதன் கூம்பு முனை சீட்டை விட்டு எழுகிறது. அந்த நிமிடம் முதல் மரையின் இடுக்குகளும் திறந்த வழிதான். சாதாரண நிப்பிளில் மரைக்கு ஆயிலைத் தடுக்கும் வேலை கிடையாது, பிடித்து நிற்பது மட்டுமே. தடுப்பதெல்லாம் கூம்பும் சீட்டும். வேக்வம் பம்ப் போட்டு ஏர் எடுத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: ஹோஸில் குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருக்கும், வருவது லைனில் இருக்கும் ஏர் அல்ல, மரை வழியாக இழுபட்ட வெளிக்காற்று. ஓராள் நிப்பிளில் குண்டு எவ்வளவு கச்சிதமாக அடைத்தாலும், மரை அடைபடாவிட்டால் கால் எழும்போதெல்லாம் அதன் வழியே காற்று உள்ளே போகும்.

அதனால்தான் நல்ல ஓராள் நிப்பிள்களின் மரையில் ஒரு பூச்சு பூசி வருகிறது. அழகுக்கோ துருவுக்கோ பூசியதல்ல. மரையிடுக்கை அடைப்பதற்கான சீலன்ட் அது. என்னைக் கேட்டால் இந்தச் சாமானின் உயிர் குண்டில் இல்லை, அந்தப் பூச்சில்தான். திறந்து மூடத் திறந்து மூட அது தேயும். தேய்ந்த பிறகு பூச்சை மறுபடி போட வேண்டும், இல்லையென்றால் நிப்பிளையே மாற்ற வேண்டும். அவசரத்துக்குப் பிளம்பிங் டெஃப்லான் டேப்பைச் சுற்றுவதை நான் ஏற்க மாட்டேன். டேப்பின் ஒரு நூல் பிய்ந்து உள்ளே போனால் குண்டின் அடியில் மாட்டி வால்வைத் திறந்தே வைத்துவிடும். கிரீஸ் தடவுவதும் வேண்டாம். சாதாரண கிரீஸ் பிரேக் ரப்பரை ஊதவைக்கும். பிரேக் ஆயிலில் கரையாத, இந்த வேலைக்கென்றே விற்கும் சீலன்ட்டை மட்டும் பூசி, புட்டியில் சொன்ன நேரம் வரை காய விடுங்கள்.

கடையில் நிப்பிள் வாங்கும்போது வண்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்க வேண்டாம். பழைய நிப்பிளைக் கழற்றிக் கையில் கொண்டுபோங்கள். எம்7, 1.0 பிட்ச், எம்8, 1.25 பிட்ச், எம்10, 1.0 பிட்ச் என்று பல அளவு புழங்குகிறது. ஒரே வண்டியில் முன்னும் பின்னும் வேறுபடலாம். விட்டம் ஒத்துப் பிட்ச் ஒத்துவராத நிப்பிளும் முதல் இரண்டு மரை ஏறும், பிறகு இறுகும். அங்கே ஸ்பேனரை வைத்து அழுத்தினால் அலுமினியக் காலிப்பரின் மரை போய்விடும். பிட்ச் கேஜ் வைத்துப் பாருங்கள், கூம்பின் கோணத்தையும் முனையிலிருந்து மரை தொடங்கும் தூரத்தையும் பழையதோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். முனை குட்டையாக இருந்தால் சீட்டைத் தொடும் முன்பே தலை காலிப்பரில் முட்டும், ஒழுகிக்கொண்டே இருக்கும். பொருத்துமுன் நிப்பிள் உலர்ந்திருக்கும்போதே கூம்புப் பக்கமிருந்தும் ஹோஸ் பக்கமிருந்தும் ஊதிப் பார்த்துவிடலாம். ஒரு பக்கம் போக வேண்டும், மறுபக்கம் போகவே கூடாது.

பழைய நிப்பிள் துருப்பிடித்திருந்தால் முந்தின நாளே பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு, மெல்லத் தட்டி, ஆறுமுனை சாக்கெட்டால் எடுங்கள். ஓப்பன் ஸ்பேனர் இந்த வேலைக்கு ஆகாது. உள்ளே துளையிட்ட திருகு அது, முறுக்கினால் கழுத்தில் முறியும். புதியதை மூடும்போதும் இதே எச்சரிக்கை: கையேட்டில் இருக்கும் டார்க் சிறிய எண்தான், கை பலத்தைக் காட்ட இடமில்லை. ரப்பர் மூடியை மறக்காமல் போடுங்கள். மூடியில்லாத நிப்பிளின் துளையில் தண்ணீரும் மண்ணும் சேர்ந்தால் குண்டு சிக்கிக்கொள்ளும். கடற்கரை ஊர்களில் உப்பும் சேரும்.

ஏர் எடுக்கும்போது இரண்டு பழக்கங்களை மாற்ற வேண்டும். முதலாவது வேகம். ஆயிலைச் சீக்கிரம் தள்ளிவிடலாம் என்று படபடவென மிதிக்காதீர்கள். மெதுவாக மிதித்து, அதைவிட மெதுவாகக் காலை எடுங்கள். கால் சட்டென எழும்போதுதான் மரைப்பக்கம் இழுப்பு அதிகம். நிப்பிளையும் கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்றுக்கு மேல் திறக்க வேண்டாம். இரண்டாவது, பெடலைத் தரை வரை மிதிப்பது. பழைய வண்டியில் மாஸ்டர் சிலிண்டரின் கடைசிப் பகுதிக்கு ரப்பர் கப் வழக்கமாகப் போவதே இல்லை, அங்கே அழுக்கும் துருவும் படிந்திருக்கும். முழுதாக மிதித்தால் கப் அதில் உரசிக் கிழியும். ஏர் எடுக்கப் போய் மாஸ்டர் சிலிண்டர் போன கதைகள் பலவும் இப்படித்தான். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் தீர்ந்தது.

ஓராள் முறையில் ஒரு குறை உண்டு. மிதிக்கிறவருக்குக் குமிழி தெரியாது. கண்ணாடி போன்ற ஹோஸைப் போட்டு, அதன் முனை பாட்டிலில் இருக்கும் ஆயிலுக்குள் மூழ்கும்படி வையுங்கள். சில மிதிக்கு ஒருமுறை இறங்கிப் போய்ப் பாருங்கள், போகிற போக்கிலேயே ரிசர்வாயரையும் நிரப்புங்கள். ரிசர்வாயர் காலியாகி மாஸ்டர் சிலிண்டரில் காற்று ஏறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தனியாக ஏறி இறங்கி வேலை செய்யும்போது வண்டி ஜாக்கில் மட்டும் நிற்கக் கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதைக் கையேடு பார்த்துச் செய்யுங்கள். தூரத்துச் சக்கரம் முதலில் என்ற பழைய வழக்கம், குறுக்குச் சர்க்யூட் உள்ள வண்டிகளில் பொருந்தாமல் போகலாம். ஏ.பி.எஸ். யூனிட்டுக்குள் காற்று போயிருந்தால் எந்த நிப்பிளாலும் பயனில்லை, ஸ்கேன் டூல் வைத்து அதன் வால்வுகளை இயக்கியாக வேண்டும். எவ்வளவு எடுத்தும் பெடல் பஞ்சாகவே இருந்தால் காலிப்பரைப் பாருங்கள். இடதும் வலதும் மாறிப் பொருத்தியிருந்தால் நிப்பிள் கீழே வந்துவிடும், மேலே தேங்கிய காற்று ஒருநாளும் வராது.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு நிப்பிளையும் சீட்டில் இறுக்கி மூடுங்கள். உள்ளே வால்வு இருக்கிறதே என்று தளர்வாக விடுவது பெரிய ஆபத்து. குண்டு உள்ளே வருவதைத்தான் தடுக்கும், வெளியே போவதைத் தடுக்காது. பிரேக் மிதித்தால் ஆயில் அதன் வழியே பீய்ச்சும். என்ஜினை ஓடவிட்டு, பெடலை அழுத்திப் பிடித்துவிட்டு, நான்கையும் துடைத்துப் பார்த்த பிறகே வண்டியை நகர்த்துங்கள்.

எல்லா வண்டியிலும் இதைப் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. டாக்சி, மலைப்பாதை வேன், ஒரே பட்டறைக்குத் திரும்பத் திரும்ப வரும் வண்டி ஆகியவற்றுக்கு மிகவும் தகும். ஒருமுறை வந்து போகும் வண்டிக்கு ஒருவழி வால்வுள்ள ஹோஸோ, ரிசர்வாயரில் மாட்டும் பிரஷர் பம்போ போதும். பூச்சுத் தேய்ந்தது தெரியாமல் அடுத்த மெக்கானிக் அதைத் திறந்தால் வாடிக்கையாளருக்குத்தான் கஷ்டம். போட்டால் பில்லில் எழுதுங்கள்: அளவு, தேதி, பூச்சு எப்போது போட்டது. கழற்றிய பழைய நிப்பிள்களைப் பையில் போட்டு உரிமையாளரிடமே கொடுங்கள். பிரேக் ஆயில் மாற்றியதற்கு அதே பில்லில் தனி வரியில் கூலியும் எழுதுங்கள். பேட் மாற்றிய கணக்கோடு சேர்த்து மறைத்துவிட்டால், இரண்டு ஆண்டு கழித்து அந்த வேலையைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள்.